மாட்டு வாய்ப் புண்ணும் ஆன்டிபயாட்டிக் ஊசியும்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய பேச்சு)



விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிற ஆள் இன்றைக்கு ஏன் மாட்டு வாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறார் என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. இந்த விஷயத்தில் நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மேற்கொண்டு பேச எனக்கு மனசு வரும்.

அது ஒரு மாசி மாதம். காங்கயம் பக்கம் கொறங்காட்டு வேலியை ஒட்டி மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். வீட்டுக்காரர் இறந்த பிறகு இரண்டு கலப்பினப் பசுக்களை வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் பால் ஊற்றிக் குடும்பம் நடத்துகிறவர்.

"ஏனுங்க சார், செவலை மாடு ரெண்டு நாளாத் தட்டே கடிக்க மாட்டேங்குதுங்க. எச்சி நூல் நூலா ஊத்துது. ஒருக்கா வந்து பாருங்க" என்றார்.

நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தே எட்டிப் பார்த்தேன். எச்சில் வடிந்தது. "கோமாரியா இருக்கும்மா. பயப்படாதீங்க. அஞ்சாறு நாள்ல தன்னால சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். ஆபீசரே சொல்லிவிட்டார் என்று அந்த அம்மாவும் இருந்துவிட்டார்.

அடுத்த வாரம் சொந்தக்காரப் பையன் ஒருவன் மருந்துக் கடையில் பென்சிலின் ஊசி வாங்கி வந்து இரண்டு நாள் போட்டான். எச்சில் கொஞ்சம் குறைந்தது. மாடு இரண்டு வாய் தின்றது. "சரியாப் போச்சு, இனி எதுக்கு வீண் செலவு" என்று நிறுத்திவிட்டார்கள். நாலு நாள் கழித்து முன்னைவிட மோசமாகப் போனது. அதன் பிறகுதான் கால்நடை டாக்டரைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் முதலில் மாட்டின் காலைப் பார்த்தார். குளம்பில் புண் இல்லை. பக்கத்தில் கட்டியிருந்த இன்னொரு மாட்டைப் பார்த்தார். அது நன்றாக அசை போட்டுக்கொண்டு நின்றது. நாய் கடித்ததா, மாட்டின் குணம் மாறியதா என்று விசாரித்தார். பிறகு கையுறை போட்டுக்கொண்டு நாக்கைப் பிடித்துப் பார்த்தார். நாக்கு கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. "இது கோமாரி இல்லீங்க. நாக்குல பாக்டீரியாக் கிருமி பிடிச்சிருக்கு. முதல் வாரமே பார்த்திருந்தா லேசுல முடிஞ்சிருக்கும்" என்றார்.

மாடு பிழைத்துக்கொண்டது. ஆனால் நாளுக்கு 9 லிட்டர் கறந்த மாடு 2 லிட்டருக்கு இறங்கியது. அந்த ஈத்து முழுக்க அது மேலே ஏறவே இல்லை. நான் போய்ப் பார்த்தபோது, "பரவாலீங்க சார், மாடு பொழச்சிக்கிச்சே" என்று அந்த அம்மா சொன்னார். என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அதன் பிறகுதான் கால்நடை டாக்டர்களிடம் உட்கார்ந்து கேட்டும், புத்தகங்களைப் படித்தும் தெரிந்துகொண்டேன். அதை உங்களுக்குச் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன். நான் டாக்டர் இல்லை. மருந்து எழுதுவது அவர் வேலை. எப்போது அவரைக் கூப்பிட வேண்டும், அவர் சொன்னதை ஏன் கடைசி வரை செய்ய வேண்டும் என்று சொல்வது என் வேலை.

கிருமி எங்கிருந்து வருகிறது?

வாயில் நோய் வந்தால் கிருமி வெளியிலிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறோம். இங்கே நான் சொல்லப்போகிற கிருமிகள் பெரும்பாலும் மாட்டின் வாயிலும் வயிற்றிலும் எப்போதும் குடியிருப்பவைதான். வாயின் உள்தோல் கிழியாமல் இருக்கிற வரை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. வேலி நன்றாக இருந்தால் ஆடு தோட்டத்துக்குள் நுழையாது அல்லவா, அது போலத்தான்.

வேலி எப்போது பிய்கிறது? மாசி, பங்குனியில் பச்சை இல்லாமல் காய்ந்த சோளத்தட்டை முழுசாகப் போடுகிறோம். அதன் முனை ஈட்டி மாதிரி இருக்கும். சுனை உள்ள கதிர்களும், ஊசிப் புல்லும், தீவனத்தோடு கலந்து வரும் வேல முள்ளும் நாக்கையும் கன்னத்தையும் குத்துகின்றன. மாடு புல்லை நாக்கால் சுற்றி வளைத்து இழுத்துத் தின்கிற ஜீவன். மேல் தாடையில் முன்பல் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். நாக்குதான் அதற்குக் கை. அந்தக் கையில்தான் முள் ஏறுகிறது. இன்னொரு வழியும் உண்டு. இரண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று பல் மாறுகிற வயதில் ஈறு திறந்திருக்கும். அந்த வழியாகவும் கிருமி உள்ளே போகும்.

மூன்று நோய்கள்

முதலாவது, நான் மேலே சொன்ன நாக்கு நோய். நாக்கு மரம் மாதிரி ஆகிவிடுவதால் இதை மரநாக்கு என்று வைத்துக்கொள்வோம். இதற்குக் காரணமான பாக்டீரியாவை 1902-ல் அர்ஜென்டினா நாட்டில் லிக்னியர், ஸ்பிட்ஸ் என்ற இருவர் கண்டு சொன்னார்கள். மாட்டுக்குத் திடீரென்று எச்சில் வடியும். பசி இருக்கும், தீவனத்தின் பக்கத்தில் போகும், ஆனால் தின்ன முடியாது. எதையோ மெல்லுவது போல வாயை அசைத்துக்கொண்டே இருக்கும். நாக்கு வீங்கி, அடிப்பக்கம் இறுகி, சில சமயம் வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தாடைக்குக் கீழேயும் வீக்கம் தெரியும். சீக்கிரம் பார்த்துவிட்டால் மிக நன்றாகக் குணமாகிற நோய் இது. சரியான மருந்து போட்டால் இரண்டு மூன்று நாளிலேயே மாடு வாயை வைக்கும்.

இரண்டாவது, தாடைக் கட்டி. இந்தக் கிருமி வேறு. இதை 1877-ல் ஜெர்மனியில் பொலிங்கர் என்பவர் மாட்டுத் தாடையில் கண்டு எழுதினார். இது தசையை விட்டுவிட்டு எலும்பைப் பிடிக்கும். கடைவாய்ப் பல்லுக்கு நேராகத் தாடை எலும்பில் ஒரு புடைப்பு தெரியும். தொட்டால் கல் மாதிரி இருக்கும். தள்ளினால் நகராது. முதலில் வலி இருக்காது. அதனால்தான் நம் ஆட்கள், "கயிறு உரசினதுங்க", "இன்னொரு மாடு முட்டினதுங்க" என்று சொல்லி மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பிறகு உடைந்து சீழ் வரும். சீழில் கந்தகத் தூள் மாதிரி மஞ்சள் மணிகள் கையில் நெறுநெறுவென்று தட்டுப்படும். பல் ஆட ஆரம்பிக்கும். மாடு மெல்ல முடியாமல் இளைத்துப்போகும். எலும்பு ஒரு தடவை பெருத்துவிட்டால் பழையபடி சுருங்குவது அரிது. மருந்தால் செய்ய முடிந்தது, மேலும் பரவாமல் நிறுத்துவதுதான். ஆகவே புளியங்கொட்டை அளவில் இருக்கும்போதே காட்டிவிட வேண்டும்.

மூன்றாவது, கன்றுக்குட்டிகளுக்கு வருகிற வாய் அழுகல். பெரும்பாலும் 3 மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு வரும். கன்று பால் குடிக்காது. கன்னம் உப்பியிருக்கும். வாய் அருகே போனாலே அழுகல் நாற்றம் அடிக்கும். கன்னத்தின் உள்ளேயும் நாக்கிலும் சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறத்தில் செத்த தசை ஒட்டியிருக்கும். காய்ச்சல் 104 டிகிரி வரை போகும். இந்தக் கிருமி காற்றுப்படாத இடத்தில், அழுக்கிலும் சாணத்திலும் வாழ்வது. தொண்டைக் குழாய்க்கு இறங்கிவிட்டால் மூச்சு இழுக்கும்போது சத்தம் கேட்கும். அந்த நிலைக்குப் போய்விட்டால் நாள் கணக்கில் கன்று போய்விடும். இதில் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

கோமாரி வேறு

நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். கோமாரியிலும் எச்சில் வடியும். ஆனால் அதில் வாயில் கொப்புளம் வந்து உடையும். குளம்பு இடுக்கிலும் புண் வரும், மாடு நொண்டும். ஒரு மாட்டுக்கு வந்தால் இரண்டு மூன்று நாளில் கட்டுத்தரையில் உள்ள மற்ற மாடுகளுக்கும் வந்துவிடும். ஒரே மாடு, காலில் புண் இல்லை, நாக்கு இறுகியிருக்கிறது என்றால் அது கோமாரியாக இருக்க வாய்ப்புக் குறைவு.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? கோமாரி வைரஸ் நோய். வைரஸை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. கோமாரிப் புண்ணில் பிறகு பாக்டீரியா வந்து சீழ் பிடித்தால் அதற்காக டாக்டர் ஊசி போடலாம், அது வேறு விஷயம். கோமாரிக்கு உண்மையான மருந்து முன்கூட்டிப் போடுகிற தடுப்பூசிதான். 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் 6 மாதத்துக்கு ஒரு முறை அதை இலவசமாகவே போடுகிறார்கள். ஆடுகளுக்கு வரும் ஆட்டுக்கொல்லி நோய், செம்மறிக்கு வரும் நீலநாக்கு நோய் இவையும் வைரஸ் நோய்களே. எச்சில் வடிந்தால் ஊசி என்று முடிவு கட்டக் கூடாது.

வாயில் கை விடாதீர்கள்

இதைக் கவனமாகக் கேளுங்கள். எச்சில் வடிகிறது, விழுங்க முடியவில்லை என்றால் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து உடனே கையை உள்ளே விடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வெறிநாய் கடித்த மாடும் இப்படித்தான் எச்சில் வடிக்கும். விழுங்க முடியாமல் தவிக்கும். குரல் மாறிக் கத்தும், முட்ட வரும், அல்லது ஒரேயடியாக மந்தமாகிவிடும். அந்த எச்சில் உங்கள் கையில் உள்ள சிறு கீறலில் பட்டாலும் ஆபத்து. வெறிநோய் வந்துவிட்டால் மனிதனைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். ஆனால் வருவதற்கு முன்னால் தடுத்துவிடலாம். எச்சில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மாட்டு வாயை டாக்டர் பார்க்கட்டும். மாட்டை ஓட்டிப் போக முடியாவிட்டால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வண்டி வீடு தேடி வரும்.

நாக்கைத் தேய்க்கிற பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். மாட்டு நாக்கின் சொரசொரப்பை "முள் விழுந்திருக்கு" என்று சொல்லி உப்பும் புளியும் வைத்து ரத்தம் கசியத் தேய்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சொரசொரப்பு இயற்கை கொடுத்தது. அதைத் தேய்த்துப் புண்ணாக்கினால் கிருமிக்கு நாமே கதவைத் திறந்து விட்டதாகும்.

மருந்து மண்ணிலிருந்து வந்தது

ஆன்டிபயாட்டிக் என்பது என்ன? ஒரு நுண்ணுயிர் இன்னொரு நுண்ணுயிரை அடக்குவதற்காக உண்டாக்கும் பொருள்தான் அது. 1928-ல் லண்டனில் அலெக்சாண்டர் ஃப்ளெமிங், ஒரு பூசணம் தன்னைச் சுற்றிப் பாக்டீரியாவை வளரவிடாமல் செய்ததைப் பார்த்தார். அதிலிருந்து வந்தது பென்சிலின். 1943-ல் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநில விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் வாக்ஸ்மன் என்ற மண் விஞ்ஞானியிடம் ஷாட்ஸ் என்ற மாணவர் வேலை செய்துகொண்டிருந்தார். எரு நிறையப் போட்ட வயல் மண்ணிலிருந்து அவர் ஒரு நுண்ணுயிரைப் பிரித்தார். அதிலிருந்து வந்தது ஸ்ட்ரெப்டோமைசின். முதல் மழையில் மண் மணக்கிறதே, அந்த வாசனையைத் தருகிற கூட்டத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்தான் அது. வேடிக்கை என்னவென்றால், தாடைக் கட்டியை உண்டாக்கும் கிருமியும் அதற்குத் தூரத்துப் பங்காளி. வியாதியும் மருந்தும் ஒரே வம்சத்தில் இருக்கின்றன.

பென்சிலின், பாக்டீரியா தன்னைச் சுற்றிக் கட்டுகிற சுவரைக் கட்டவிடாமல் செய்கிறது. சுவர் இல்லாமல் அது வெடித்துச் சாகிறது. ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் பாக்டீரியா தனக்கு வேண்டிய புரதத்தைச் சமைக்கிற அடுப்பை அணைக்கின்றன. வைரஸுக்குச் சொந்தச் சுவரும் இல்லை, சொந்த அடுப்பும் இல்லை. அது மாட்டின் உயிரணுவுக்குள் புகுந்து அங்குள்ள அடுப்பிலேயே சமைத்துக்கொள்கிறது. இந்த மருந்துகள் அதைத் தொடாததற்குக் காரணம் இதுதான்.

பாக்டீரியா எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து போதுமா என்றால் போதாது. நெல்லில் கோரைக்கு அடிக்கிற மருந்து வேறு, புல்லுக்கு அடிக்கிற மருந்து வேறு அல்லவா? மரநாக்குக் கிருமியின் சுவர் ஒரு மாதிரி, தாடைக் கட்டிக் கிருமியின் சுவர் ஒரு மாதிரி. அதனால் டாக்டர் சில சமயம் இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பார். இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த இரண்டு நோயிலும் கிருமியைச் சுற்றி உடம்பு தடித்த தசையால் கோட்டை கட்டிவிடுகிறது. மருந்து ரத்தத்தில் ஓடினாலும் கோட்டைக்குள் எளிதாகப் போகாது. அந்தத் தசையை இளக்குவதற்காக அயோடின் உப்புக் கரைசலை டாக்டர் மெதுவாக ரத்தக் குழாயில் ஏற்றுவார். 7 முதல் 10 நாள் கழித்து மறுபடியும் ஏற்ற வேண்டியிருக்கும். இது ஊசி பழகிய பையன் செய்கிற வேலை இல்லை. ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் அந்த இடம் வீங்கிப் புண்ணாகும். மாடு சினையாக இருந்தால் எத்தனை மாதம் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருந்து ஏற்றிய பிறகு மாட்டின் கண்ணில் நீர் வடிந்தாலோ, தோலில் தவிடு போலச் செதில் உதிர்ந்தாலோ, இருமினாலோ அயோடின் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். உடனே தெரிவிக்க வேண்டும்.

நாள் கணக்கு ஏன்?

இனிமேல் சொல்லப்போவதுதான் இன்றைய பேச்சின் சாரம். டாக்டர் 5 நாள் என்றால் 5 நாள் போட வேண்டும். தாடைக் கட்டிக்கு வாரக் கணக்கில் என்றால் வாரக் கணக்கில் போட வேண்டும். மாடு வாய் வைத்ததும் நிறுத்தக் கூடாது.

பருத்தி போட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பச்சைக் காய்ப்புழுவுக்கு முதல் வருஷம் ஒரு மூடி மருந்தில் செத்தது. நாலு வருஷம் கழித்து மூன்று மூடி ஊற்றினாலும் நகர்ந்து போனது. ஏன்? மருந்துக்குச் சாகிற புழு செத்தது, தாங்குகிற புழு தப்பியது. தப்பியதுதான் குட்டி போட்டது. கடைசியில் காட்டில் இருந்தது முழுக்கத் தப்பிய புழுவின் வம்சம். பாக்டீரியாவும் இப்படித்தான். ஆனால் புழுவுக்குத் தலைமுறை மாறச் சில வாரம் ஆகும், வசதியான இடத்தில் பாக்டீரியாவுக்குச் சில மணி நேரமே போதும். இரண்டு நாள் ஊசியில் எச்சில் குறைந்தது என்றால் எளிதில் சாகிற கிருமி செத்தது என்று பொருள். கோட்டைக்குள் இருப்பது அப்படியே இருக்கும். கோரையை மேலே அறுத்துவிட்டுக் கிழங்கை விட்ட கதைதான்.

மருந்தைக் குறைத்துப் போடுவதும் அதே தப்பு. மருந்தின் அளவு மாட்டின் எடைக்குத் தக்கது. 400 கிலோ மாட்டுக்கும் 60 கிலோ கன்றுக்கும் ஒரே குப்பி எப்படிச் சரியாகும்? ஃப்ளெமிங் 1945 டிசம்பரில் நோபல் பரிசு வாங்கிய சமயம் பேசும்போதே இதை எச்சரித்தார். தொண்டை வலிக்காரர் ஒருவர் தானாகவே பென்சிலினைப் போதாத அளவில் சாப்பிடுகிறார், சாகாமல் மருந்துக்குப் பழகிய கிருமி அவருடைய மனைவிக்குத் தொற்றுகிறது, அந்த அம்மாவுக்கு மருந்து பலிக்கவில்லை என்று ஒரு கதையாகச் சொன்னார். மருந்தைக் கண்டுபிடித்தவரே சொன்ன எச்சரிக்கை அது.

நிறுத்துவதென்றாலும், மாற்றுவதென்றாலும் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். மிச்சம் இருக்கிற குப்பியைப் பரணில் வைத்திருந்து பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுக்காதீர்கள். அந்த உபகாரம் வேண்டாம்.

மாத்திரை அரைத்து ஊற்றலாமா?

"மனுஷனுக்குக் குடுக்கிற மாத்திரையைப் பொடி பண்ணி ஊத்தினா என்னங்க?" என்று கேட்கிறார்கள். வேண்டாம். மாட்டின் பெரிய வயிறு ஒரு ஊறல் தொட்டி மாதிரி. அதில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருந்துதான் வைக்கோலையும் தட்டையும் சீரணிக்கின்றன. வாய் வழியாக ஆன்டிபயாட்டிக் ஊற்றினால் நோய்க் கிருமிக்கு முன்னால் அந்த நல்ல கிருமிகள் செத்துப்போகும். மாடு அசை போடுவதை நிறுத்திவிடும். வளர்ந்த மாட்டுக்கு இந்த மருந்துகளை ஊசியாகப் போடுவது இதனால்தான்.

நாக்கு இறுகிய மாட்டுக்கு மூங்கில் குழாயை வைத்துக் கஞ்சி ஊற்றுவதும் ஆபத்து. விழுங்க முடியாமல் நுரையீரலுக்குப் போய்விடும். தவிட்டையும் பிண்ணாக்கையும் ஊறவைத்துக் கூழாகத் தாழியில் வையுங்கள். இளம்புல்லைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். தானாக உறிஞ்சிக் குடிக்கட்டும். தண்ணீர்த் தொட்டியை நிறைய வையுங்கள். நாக்கு நீளாத மாட்டுக்கு அடித்தண்ணீர் எட்டாது.

வலிக்கு ஊசி போடுவதிலும் ஒரு விஷயம். டைக்ளோஃபெனாக் என்ற மருந்தை மாடுகளுக்குப் போடுவது 2006-லேயே தடை செய்யப்பட்டது. அந்த ஊசி போட்ட மாடு செத்து அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. கடையில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். டாக்டரிடம் வேறு மருந்து இருக்கிறது.

பாலை என்ன செய்வது?

ஊசி போட்ட மாட்டின் பாலில் மருந்து வரும். காய்ச்சினால் போய்விடும் என்பது தப்பு. பெரும்பாலான மருந்து கொதியிலும் அப்படியே நிற்கும். அந்தப் பாலில் உறை ஊற்றிப் பாருங்கள், தயிர் சரியாகத் தோயாது. தயிரைத் தோய வைப்பதும் பாக்டீரியாதானே! பென்சிலின் ஒத்துக்கொள்ளாத மனிதர்கள் உண்டு. அவர்களுக்கு அந்தப் பால் விஷமாகலாம். சொசைட்டிக் கேனில் நீங்கள் ஊற்றுகிற 2 லிட்டர் ஊர்ப் பால் முழுவதிலும் கலக்கிறது. அதைக் குடிக்கிறது யாரோ ஒரு பச்சைக் குழந்தையாக இருக்கலாம்.

எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று மருந்து லேபிளில் போட்டிருக்கும். போட வேண்டும் என்று 2012-ல் அரசு விதியே வந்திருக்கிறது. அப்படி நாள் உறுதி செய்யப்படாத மருந்து என்றால் பாலுக்கு 7 நாளுக்கும், இறைச்சிக்கு 28 நாளுக்கும் குறையக் கூடாது. கடைசி ஊசி போட்ட நாளிலிருந்து இதைக் கணக்கிட வேண்டும். காலண்டரில் ஒரு சுழி போட்டு வையுங்கள். வருமானம் போகிறதே என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் முதல் வாரத்தில் சரியாகப் போட்ட 5 நாள் ஊசியில் போகிற பால் எவ்வளவு, அரைகுறையாகப் போட்டு இரண்டு மாதம் இழுத்ததில் போகிற பால் எவ்வளவு? நான் முதலில் சொன்ன செவலைப் பசுவின் கணக்கைப் பாருங்கள்.

நம் வாய்க்கும் இதே கணக்கு

மாட்டு வாய்க்குச் சொன்னதை நம் வாய்க்கும் சொல்லிவிடுகிறேன். பல் வலித்து ஈறு வீங்கினால் மருந்துக் கடையில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். வீக்கம் வடிகிறது, மறந்துவிடுகிறோம். இரண்டு மாதத்தில் திரும்ப வருகிறது. சொத்தைப் பல்லின் வேருக்குள் இருக்கிற செத்த சதைக்கு ரத்த ஓட்டம் கிடையாது. ரத்தம் போகாத இடத்துக்கு மாத்திரை எப்படிப் போகும்? சீழை வெளியேற்றி, வேரைச் சுத்தம் செய்ய வேண்டும், அல்லது பல்லைப் பிடுங்க வேண்டும். மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதைப் பல் டாக்டர் சொல்வார். காய்ச்சலோடு வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, வாய் திறக்க முடியாவிட்டாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானாலோ அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

வருமுன் காக்க

செலவில்லாத வேலைகள் சில இருக்கின்றன. தட்டை முழுசாகப் போடாமல் நறுக்கிப் போடுங்கள். நறுக்கியதில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஊறவிட்டால் முனை மழுங்கும். வேலி வெட்டிய முள் தீவனப் போர் பக்கம் வராமல் பாருங்கள். கன்றுக்குப் பால் காட்டுகிற பாத்திரத்தைச் சுடுதண்ணீரில் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள். சீழ் வடிகிற மாட்டைத் தனியாகக் கட்டுங்கள், அதற்குத் தனித் தாழி வையுங்கள். அந்தச் சீழ் பட்ட துணியைக் கொளுத்திவிடுங்கள். தீவனம் போடும்போது வாரம் ஒரு தடவை தாடையை இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள். இதற்கு ஒரு நிமிஷம் ஆகும்.

அன்பர்களே, அந்த அம்மா வீட்டுக்கு இப்போதும் போகிறேன். வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி உள்ளே போய்த்தான் பேசுகிறேன். உங்கள் மாடு வாயை வைக்கவில்லை என்றால் நீங்களும் அருகில் போய்ப் பாருங்கள். காலைப் பாருங்கள், பக்கத்து மாட்டைப் பாருங்கள், அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். அவர் சொன்ன மருந்தை அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை போடுங்கள்.